நாற்பத்து நான்காம் குழாயின் பங்காளிகள்

1

நான் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு இன்று விடுமுறை. கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டாம் நாள். போன வருடம் இதே நாளில் நான் தனியாக அந்தக் கட்டடத்துக்குள் போய், என் கண்ணை நம்பி ஒரு காரியம் செய்தேன். அதனால் ஓர் உயிர் எந்த மலையிலிருந்து வந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாமல் போய்விட்டது.

அந்த உயிர் ஒரு பாசி. கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு சொட்டுப் பச்சை, அவ்வளவுதான். படிக்கிறவர்கள் சிரிக்கலாம். திருப்பூரில் இருக்கும் என் தம்பியும் சிரித்தான்.

"ஏனுங்ண்ணா, அங்க என்ன வேலைன்னு கேட்டா ஊருக்குள்ள என்னத்தச் சொல்றது?"

"ஆராய்ச்சிக்கூடத்துல குழாய் கழுவறேன்னு சொல்லு. பாசி ஆராய்ச்சி பண்றாங்க."

"பாசியா? அதுக்கு ஏரோப்பிளேன் ஏறிப் போவோணுமா? நம்மூட்டுத் தொட்டியில இல்லாத பாசியா? சொல்லீருந்தா இங்கியே ரெண்டு பக்கெட் அள்ளிக் குடுத்திருப்பனல்லோ!"

அவன் பக்கத்தில் யாரோ சிரிப்பது போனில் கேட்டது. நானும் சிரித்துவைத்தேன். இது பனியில் வளர்கிற பாசி என்று சொல்ல வந்தேன். அதற்குள் மெஷின் நின்றுவிட்டது என்று அவனை யாரோ கூப்பிட்டார்கள்.

2

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். அப்பா சோமனூரில் தறி ஓட்டினார். நான் திருப்பூருக்கு வந்து ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்து, இருபது வருடம் ஷேடு பார்த்தேன்.

ஷேடு பார்ப்பது என்றால், வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துண்டுத் துணியின் நிறமும் நாம் சாயமேற்றிய துணியின் நிறமும் ஒன்றுதானா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது. ஒரே நிறத்தை இரண்டு முறை சாயமேற்றினால் இரண்டு லாட். பார்க்க ஒன்றாகவே இருக்கும். ஆனால் பனியனுக்கு உடம்பு ஒரு லாட்டிலும் கை ஒரு லாட்டிலும் போய்விட்டால், நாலு துவைப்பில் கை தனியாக வெளுத்துத் தெரியும். கண்டெய்னரே திரும்பி வந்துவிடும். அதனால் ஒவ்வொரு துணி உருளையிலும் லாட் எண் எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டிவைப்போம்.

ஈரத்தில் சீட்டுகள் அவிழ்ந்து விழும். அது பட்டறையில் தினமும் நடப்பது. விழுந்த சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். நான் உருளைகளைப் பார்த்து, இது இந்த லாட், அது அந்த லாட் என்று சீட்டைத் திருப்பிக் கட்டுவேன். என் கை கட்டிய சீட்டை யாரும் இரண்டாவது முறை சரிபார்த்ததில்லை. முதலாளி வெளியாட்கள் முன்னால், "இவன் வாயத் தொறக்க மாட்டானுங்க. ஆனா கண்ணுக்கு மட்டும் தனியா இன்சூரன்ஸ் போட்டு வெக்கோணும்" என்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஷேடை எந்த வெளிச்சத்திலும் பார்த்துவிட முடியாது. லைட் பாக்ஸ் என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி உண்டு. அதற்குள் வைத்து, அதற்கென்று உள்ள விளக்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு விளக்கில் அண்ணன் தம்பி போல இருக்கும் இரண்டு துணி இன்னொரு விளக்கில் அறிமுகமே இல்லாத ஆள்களாகிவிடும். பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம் இது.

3

ஆஸ்திரியாவுக்கு வந்தது என் மனைவி ஜெசிந்தாவால். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர்கள். அவள் நர்ஸ். நாங்கள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டபோது என் பங்காளிகள் குலதெய்வக் கோயில் பூசைக்கு எனக்குச் சொல்வதை நிறுத்தினார்கள். இன்றுவரை சொல்வதில்லை. பிறகு அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. எங்கள் மகள் ஷாலினிக்கு அப்போது ஐந்து வயது. இப்போது பதினெட்டு.

மலைகளுக்கு நடுவில் உள்ள ஊர் இது. வந்த முதல் வாரத்திலேயே ஓர் அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். 'அதிகபட்சக் கல்வி' என்ற இடத்தில் ஃபோல்க்ஸ்ஷூலே என்று எழுதச் சொன்னார்கள். இங்கே தொடக்கப்பள்ளிக்கு அதுதான் பெயர். பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு படிவத்திலும் நான் பிழையில்லாமல் எழுதும் ஜெர்மன் சொல் அது ஒன்றுதான். மொழித் தேர்வுக்கு இரண்டு முறை போனேன். எழுத்துத் தேர்வில் எப்படியோ கரையேறிவிடுவேன். பேச்சுத் தேர்வில், எதிரில் இருக்கும் பெண், "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார். தமிழிலேயே எனக்கு அந்தக் கேள்விக்கு வாய் வராது. மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அவர் பாவம், எனக்காகக் கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பார்.

வீட்டில் எல்லாக் கடிதங்களையும் ஷாலினிதான் படித்துச் சொல்வாள். எட்டு வயதிலிருந்து அவள்தான் என் வாய். முதலில் அது அவளுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது கடிதத்தைப் பாதி படித்துவிட்டு, "ஒண்ணும் இல்ல அப்பா, கையெழுத்து மட்டும் போடு" என்கிறாள்.

4

ஆராய்ச்சிக்கூடத்தில் பாசிகளைப் பார்த்துக்கொள்கிறவர் மார்லீஸ். என் வயதுதான் இருக்கும். கோடையில் மலை ஏறி, பனியிலும் பனியாற்றிலும் உள்ள பாசியைப் புட்டியில் அள்ளி வருவார். அதைக் குழாய்களில் வளர்த்து, எதற்கு எது உறவு என்று பார்ப்பதுதான் அவர் வேலை. என் வேலை அவர் காலி செய்கிற குழாய்களைக் கழுவுவது. குளிர் அலமாரியைத் துடைப்பது. வெப்பமானி நான்கில் நிற்கிறதா என்று பார்ப்பது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் அவர் கொண்டுவந்த புட்டியைப் பார்த்து அசந்துபோனேன். பனி சிவப்பாக இருந்தது. தர்பூசணிச் சாறு போல. சாயம் யார் ஊற்றியது என்று கையாலேயே கேட்டேன். அவர் சிரித்து, நுண்ணோக்கியில் காட்டினார். சிவப்புச் சிவப்பாக உருண்டைகள். அதுவும் பச்சைப் பாசிதான் என்றார். வெயில் சுடாமல் இருக்கத் தனக்குத்தானே சிவப்பு ஏற்றிக்கொள்கிறதாம். குழாயில் இதமாக வைத்து வளர்த்தால் பச்சைக்குத் திரும்பிவிடுமாம்.

ஒருநாள் கை துடைக்கும் காகிதத்தில் மரம் மாதிரி கோடு வரைந்து காட்டினார். என்னிடம் பேசும்போது சின்னச் சின்னச் சொற்களாகப் பேசுவார். நிறத்தை வைத்து உறவு சொல்ல முடியாது என்பதை மூன்று முறை சொன்னார். ஒரே பனியில் ஒட்டிக்கொண்டு வாழும் இரண்டு சிவப்புகள் உறவே இல்லாமல் இருக்கும். குளிரைத் தாங்கும் குணம் ஒரே வீட்டில் பிறந்து எல்லோருக்கும் போனது அல்ல. வெவ்வேறு குடும்பங்கள் வெவ்வேறு காலத்தில் தனித்தனியாகக் குளிருக்குக் குடிவந்திருக்கின்றன. பனிப் பாசி ஒன்றின் நெருங்கிய சொந்தம் எங்கோ சமவெளியில் குட்டையிலோ மண்ணிலோ இருக்கும்.

எனக்கு இது புதிதாகவே இல்லை. எங்கள் பக்கம் பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வி, "நீங்க என்ன கூட்டமுங்க?" என்பதுதான். ஒரே கூட்டம் என்றால் தாராபுரத்துக்காரரும் அவிநாசிக்காரரும் முகம் பார்த்திராவிட்டாலும் பங்காளிகள். பெண் எடுக்க முடியாது. ஒட்டின சுவரில் முப்பது வருடம் இருப்பவர் முகச்சாடை ஒத்திருந்தாலும் பங்காளி இல்லை. முகத்தைப் பார்த்து யாரும் கூட்டம் சொல்வதில்லை. இதை எப்படியாவது அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாள் முழுதும் சொற்களைக் கோத்துப் பார்த்தேன். சாயங்காலம் ஷாலினியிடம் கேட்டேன். "கூட்டம்னா என்ன?" என்று அவள் என்னையே கேட்டாள்.

பிறகு மார்லீஸ் காட்டிய ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பனி உருகி வெறும் பனிக்கட்டி தெரிகிற இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பாசி வளரும். அது அந்தச் சிவப்புப் பாசிக்கு மிகத் தூரத்து உறவுதானாம். மரத்தில் அதன் கிளை எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினார். புல், நெல், பருத்தி என்று நிலத்துச் செடிகள் எல்லாம் பிரிந்த கிளைக்குப் பக்கத்தில். நான் போட்டிருந்த பனியனைத் தொட்டு, "இதற்கு அது உறவு. பக்கத்தில் இருப்பதற்கு இல்லை" என்றார். பனிக்கட்டியில் ஒட்டிக் கிடக்கும் அழுக்குக்குப் பருத்தி பங்காளி. திருப்பூரில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது?

5

போன வருடம், இதே நாள், காலை பதினொன்றரை மணி. கட்டடம் மூடியிருக்கும் நாட்களில் ஒருமுறை வந்து பார்க்கும் பொறுப்பை மார்லீஸ் என்னிடம் கொடுத்திருந்தார். அதற்காகத் தனிச் சாவியும் கொடுத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் கழுவுகிறவனுக்குச் சாவி தருவது வழக்கமில்லை.

அறைக்குள் நுழைந்ததுமே காதுக்கு வித்தியாசம் தெரிந்தது. குளிர் அலமாரியின் விசிறிச் சத்தம் இல்லை. வெப்பமானி பத்தொன்பது காட்டியது. மேல்தட்டில் உறைந்திருந்த பனி கரைந்து குழாய்கள்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

கதவில் அவசர எண்கள் ஒட்டியிருந்தன. ஷாலினியைக் கூப்பிட்டேன். நண்பர்களோடு பனிச்சறுக்குக்குப் போயிருந்தாள். பின்னால் ஒரே பாட்டுச் சத்தம்.

"கண்ணு, அலமாரி நின்னு போச்சு. மார்லீஸ் மேடத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்றியா சாமி?"

"அப்பா, நீயே சொல்லு. ரெண்டு நிமிஷம். அலமாரி கெட்டுப் போச்சு, அவ்ளோதான். ஈஸி."

மார்லீஸின் எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் பதிவு செய்த குரல் ஏதோ நீளமாகச் சொல்லி, கடைசியில் ஓர் ஒலி வந்தது. நான் பேச வேண்டும் என்று தெரிந்தது. ஓடிக்கொண்டிருக்கிற மௌனத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

தாழ்வாரக் கோடியில் இன்னொரு குளிர் அலமாரி இருந்தது. குழாய்களைத் தட்டுத் தட்டாக அங்கே கொண்டுபோனேன். கடைசித் தட்டை இறக்கியபோது பார்த்தால், அடியில் தேங்கிய நீரில் ஏழு சீட்டுகள் மிதந்தன. ஏழு குழாய்கள் பெயரில்லாமல் நின்றன.

எனக்குக் கொஞ்சமும் பதற்றம் வரவில்லை. மூன்று வருடமாகத் தினமும் துடைக்கிற குழாய்கள். எந்த எண் எந்தப் பச்சை என்று எனக்கு மனப்பாடம். நாற்பத்தொன்று கரும்பச்சை. நாற்பத்து நான்கு அதைவிட ஒரு முடி அளவு மஞ்சள். தாழ்வாரத்து வெள்ளை விளக்குக்கு நேராக ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பட்டறையில் செய்வது போலவே சீட்டுகளை ஒட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் முறையாக எனக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்திருந்தேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன். சந்தோஷமாக இருந்தது.

விடுமுறை முடிந்து வந்த மார்லீஸ் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சாக்லேட் பெட்டி கொடுத்தார். சீட்டு விழுந்ததை நான் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஒட்டியாகிவிட்டதே என்று நினைத்தேன்.

6

ஒரு வாரத்தில் பழைய அலமாரியைச் சரிசெய்து, குழாய்களைத் திரும்ப அதில் வைத்தார்கள். துடைக்கப் போனேன். அலமாரிக்குள் அதற்கென்று உள்ள மங்கலான விளக்கு எரிந்தது. நாற்பத்தொன்றையும் நாற்பத்து நான்கையும் பார்த்தேன். துணியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

நாற்பத்தொன்று மஞ்சளாகத் தெரிந்தது. நாற்பத்து நான்கு கரும்பச்சையாகத் தெரிந்தது.

மூன்று வருடமும் நான் அவற்றை இந்த விளக்கில்தான் பார்த்திருக்கிறேன். சீட்டு ஒட்டியது தாழ்வாரத்து விளக்கில். லைட் பாக்ஸ் இல்லாமல் ஷேடு பார்த்திருக்கிறேன். முதல் வாரப் பாடத்தை மறந்திருக்கிறேன். யாரும் இல்லாதபோது இரண்டு சீட்டையும் உரித்து மாற்றி ஒட்டிவிடலாமா என்று கை போனது. ஆனால் அந்த ஒருநாள் வெப்பத்தில் பாசியே நிறம் மாறியிருந்தால்? பழைய நினைவை நம்புவதா, இப்போதைய கண்ணை நம்புவதா? எது சரி என்று எனக்கே தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டும் வெவ்வேறு மலையிலிருந்து வந்தவை. நாற்பத்தொன்று எடுத்த மலையில் இன்னும் பனியாறு இருக்கிறது. நாற்பத்து நான்கு எடுத்த மலையில் பனியாறு முழுதும் உருகி இப்போது வெறும் கல். மற்ற ஐந்துக்கும் முன்பே உறவு பார்த்து எழுதிவைத்திருந்தார்கள், இந்த இரண்டுக்கும் அதுவரை பார்த்திருக்கவில்லை. நாற்பத்தொன்றுக்கு இணைக் குழாய் கிடையாது. நாற்பத்து நான்குக்கு இணையாக வைத்திருந்த இன்னொரு குழாய் அந்த விடுமுறை வெப்பத்திலேயே செத்துவிட்டது.

மார்ச்சில் ஒருநாள் மார்லீஸ் என்னை அழைத்துக் கணினித் திரையைக் காட்டினார். உறவு பார்த்து முடிந்திருந்தது. நாற்பத்தொன்று எங்கும் உள்ள சாதாரணக் கூட்டம். நாற்பத்து நான்கு தனிக் கிளை. பக்கத்தில் யாரும் இல்லை. உலகத்தில் இதுவரை பார்த்த எதனோடும் அது சேரவில்லை. "அந்த மலை போய்விட்டது. இது ஒன்றுதான் மிச்சம்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதிலிருந்து பிரித்துப் புதுக் குழாயில் ஊற்றியது எதுவும் பிழைக்கவில்லையாம். கண்டதை எழுதி உலகத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்.

என் சீட்டு தவறாக இருந்தால் அந்த ஒற்றை உயிர் வந்தது பனி மிச்சமிருக்கிற மலையிலிருந்து. அங்கே அதன் சொந்தங்கள் இன்னும் இருக்கலாம். எல்லாம் செத்துவிட்டது என்று எழுதிவிட்டால் அங்கே யாரும் தேடிப் போகமாட்டார்கள். அதன் உடம்பைப் படித்தால் அது யார் என்று தெரியும். எந்த ஊர் என்று தெரியாது. ஊரைச் சொல்ல இருந்தது அந்தச் சீட்டு மட்டும்தான்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இத்தன நாளா இத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா சோறு தின்னிய?"

"வேல போயிருமோன்னு..."

"வேல போனா போவுது. எங்க வார்டுல மருந்து மாத்திக் குடுத்தா அந்த நிமிசமே சொல்லணும். ஒளிச்சாத்தான் தப்பு. போய்ச் சொல்லிருங்க."

"சொல்றதுக்கு வாய் வேணுமே ஜெசி."

"அதுக்குத்தானே பிள்ள இருக்கா."

7

ஷாலினியைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் அவள் கேட்டாள், "என்ன சொல்லணும்? ஷார்ட்டா சொல்லு."

மார்லீஸின் அறையில் உட்கார்ந்தோம். நான் தமிழில் ஆரம்பித்தேன். எனக்கே ஆச்சரியம், அன்று வாய் வந்தது. சீட்டுகள் விழுந்ததைச் சொன்னேன். அதை ஏன் ஒட்டினேன் என்று சொன்னேன். இருபது வருடம் அதுதான் என் தொழில், ஈரத்தில் விழுந்த சீட்டைக் கண்ணால் பார்த்துக் கட்டுவதில் நான் தப்பியதே இல்லை என்று சொன்னேன். லைட் பாக்ஸைச் சொன்னேன். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்த வேலையைத் தப்பான விளக்கில் செய்துவிட்டேன், ஏழில் இரண்டு எனக்குச் சந்தேகம், மற்ற ஐந்தையும் சோதித்துப் பாருங்கள் என்று சொன்னேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். மார்லீஸ் ஒரு சொல்லும் புரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாலினி நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அந்த நான்கில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்று இருந்தது. ஃபோல்க்ஸ்ஷூலே.

மார்லீஸ் முதலில் வெளுத்துப்போனார். ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பியபோது முகத்தில் கோபம் இல்லை. வந்து என் தோளைத் தட்டினார். குழந்தை பாலைக் கொட்டிவிட்டால் தட்டுவது போல. அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்.

"படிப்பப் பத்தி எதுக்குக் கண்ணு சொன்னே?"

"அப்பா, நான் உன்ன சேவ் பண்ணேன். இவருக்குப் படிப்பு இல்ல, அதனால தெரியல, மன்னிச்சிடுங்கன்னேன். வேல போகல பாரு."

"லைட் பாக்ஸச் சொன்னியா?"

"அது எதுக்கு அவங்களுக்கு?"

"பட்டறையில இருவது வருசம் ஷேடு பாத்தவன்னு சொன்னியா சாமி?"

அவள் என்னைப் பார்த்தாள். அதுவரை அவளுக்கே அது தெரியாது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. துணிக் கம்பெனியில் வேலை செய்தார் அப்பா, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். நான் சொன்னதே இல்லை. அவளும் கேட்டதில்லை. "சாரிப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள்.

மற்ற ஐந்தையும் சோதித்துவிட்டார்கள். ஐந்தும் சரியாக இருந்தன. அதை யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சாவியை வாங்கிக்கொண்டார்கள். அலமாரியைத் துடைக்கும் வேலை அங்கே படிக்கிற பெண் ஒருத்திக்குப் போனது. எனக்குத் தரையும் கழுவும் தொட்டியும் மிச்சம். மார்லீஸ் என்னைப் பார்த்தால் இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

8

உலகத்துக்கு அனுப்ப வைத்திருந்ததை அவர் அனுப்பவில்லை. ஜூலையில் அந்த மிச்சமிருக்கிற பனியாற்றுக்கு ஏறிப்போனார். அந்த வருடம் பனி சீக்கிரமே கரைந்திருந்தது. பன்னிரண்டு புட்டிகள் கொண்டுவந்தார். நான் தரை துடைத்துக்கொண்டே தினமும் அவர் முகத்தைப் பார்ப்பேன். ஆகஸ்ட் கடைசியில் பன்னிரண்டு புட்டிகளும் கழுவுவதற்கு என் தொட்டிக்கு வந்தன. தேடியது கிடைக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, தரை துடைக்கும்போது, அலமாரியின் கண்ணாடிக் கதவு வழியாக நாற்பத்து நான்கைப் பார்த்தேன். ஒரு மயிரிழை வெளுத்திருந்தது. புதன் பார்த்தேன். வியாழன் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அதே விளக்கு. அதே இடம். பக்கத்தில் நாற்பத்தொன்று மாறாமல் இருந்தது. அதோடு ஒப்பிட்டால் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டில் சொன்னேன். ஷாலினி சாப்பிட்டுக்கொண்டே, "விடுப்பா. இப்ப அது உன் வேலை இல்ல. மறுபடி போய் எதுக்கு?" என்றாள்.

ஜெசிந்தா, "நீங்களே போங்க. பிள்ளைய எதிர்பாத்து நிக்காதீய" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மார்லீஸின் கதவை நானே தட்டினேன். "நாற்பத்து நான்கு. வெள்ளை. ஆகிறது" என்று ஜெர்மனில் சொன்னேன். அவர் எழுந்து வந்தார். குழாயை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டி, அலமாரி விளக்கைக் காட்டினேன். நாற்பத்தொன்றைக் காட்டினேன். இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் சொல் இல்லை. கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அவர் குழாயைத் திருப்பி வைத்துவிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது. நல்ல பச்சை. நன்றி" என்று ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொன்னார். தோளைத் தட்டினார். கவலைப்படுகிறேன், குற்ற உணர்ச்சியில் இருக்கிறேன், பாவம் என்று நினைத்திருப்பார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அது வெளுப்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பதினாறு நாள். சாயம் இறங்குகிற துணியை இருபது வருடம் பார்த்தவன் நான். இவ்வளவு மெதுவாக ஒன்று இறங்கிப் பார்த்ததில்லை. மறுபடி கதவைத் தட்டலாம். எத்தனை முறை தட்டினாலும் உள்ளே போகிறவன் ஐந்தாம் வகுப்புக்காரன்தான். தினமும் கதவு வரை போய்த் திரும்பினேன். இந்தத் திரும்புதலுக்கு நான் மொழியைக் குறை சொல்ல மாட்டேன்.

பதினேழாம் நாள் அந்தப் படிக்கிற பெண் சத்தம் போட்டாள். எல்லோரும் ஓடிவந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு மார்லீஸ் நிமிர்ந்தார். புதுக் குழாயில் ஊற்றிப் பார்த்தார்கள். மூன்று வாரம் காத்திருந்தார்கள். எதுவும் வரவில்லை. அதன் உடம்பைப் படித்து எடுத்த எழுத்து எல்லாம் கணினியில் பத்திரமாக இருக்கிறது என்று அவர்கள் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டதாக ஷாலினி அந்தப் பெண்ணிடம் விசாரித்துச் சொன்னாள். சாதகக் கட்டு இருக்கிறது, ஆள் இல்லை.

மார்லீஸ் ஒருநாள் கழுவும் அறைக்கு வந்தார். கதவோரம் நின்றார்.

"நீங்கள் பார்த்தீர்கள்" என்றார். இந்த முறை மெதுவாகவும் பேசவில்லை, உரக்கவும் பேசவில்லை. "எப்படி?"

கை ஈரமாக இருந்தது. இருபது வருடத்தைச் சொல்ல வேண்டும். லைட் பாக்ஸைச் சொல்ல வேண்டும். ஷாலினியும் பக்கத்தில் இல்லை. நான் ஒரு விரலால் என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று. பிறகு தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தொட்டியில் ஒரு தட்டு நிறையக் குழாய்கள் வந்தன. எல்லாம் கொதிநீராவியில் வைத்து எடுத்தவை. சீட்டுகளை உரித்திருந்தார்கள். நாற்பத்து நான்கும் அதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். எது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒன்றுபோலக் கழுவிக் கவிழ்த்தேன்.